எழுபதாகத் தெரியும் இருபத்தொன்பது

ஜூலை 2

ஓட்டத்தில் தேறிவிட்டேன். கயிறு ஏறுவதிலும் தேறிவிட்டேன். மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு களத்தைச் சுற்றி வந்தபோது, பயிற்சி கொடுக்கும் ராயப்பன் சார் "இது யாரு பொண்ணு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தவமணி அக்கா முந்திக்கொண்டாள்.

"வண்டி ஓட்டுற ஏழுமலை அண்ணன் பொண்ணு சார். பொற்கொடி. பேசாது. ஆனா தூக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று நினைவில்லை.

எங்கள் சர்க்கரை ஆலையின் தீயணைப்புப் பிரிவுக்கு முதல்முறையாகப் பெண்களை எடுக்கிறார்கள். இரண்டு இடம். கடைசியில் மிஞ்சியது நானும் தவமணி அக்காவும்தான். இனி மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அது இந்த மாதக் கடைசியில். அதில் தேறினால் வேலை.

அப்பா அந்தப் பிரிவில்தான் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறார், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. இன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம்தான், "உன் பொண்ணு மூட்டையோட ஓடுறா, எனக்கே மூச்சு வாங்குது" என்றார்.

ஜூலை 3

எடை போதவில்லை. ரேஷன் கடைத் தராசில் நின்று பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் படித்துச் சொன்னார்கள்.

ஜூலை 4

காலையில் கூழ், மோர், இரண்டு வாழைப்பழம். பத்து மணிக்கு வேர்க்கடலை. மத்தியானம் அம்மா சோற்றை வைத்து அழுத்தி அழுத்திப் போடுகிறாள். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனால் வயிறு முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன்.

தவமணி அக்கா வந்து என் காலைச் சோதித்தாள். பாதத்தைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்டுத் தரையில் வைக்கச் சொன்னாள். தடம் முழுசாக விழுந்தால் தட்டைக் கால், வேலை கிடையாதாம். என் தடத்தில் நடுவில் பள்ளம் இருந்தது. அவளுடையதிலும் இருந்தது. பிறகு இரண்டு பேரும் நேராக நின்று முட்டியோடு முட்டி இடிக்கிறதா என்று பார்த்தோம், இடித்தாலும் வேலை கிடையாதாம். அவளுக்கு லேசாக இடித்தது.

"தொடை பெருத்துப் போச்சுடி, அதான். டாக்டர் வந்தா மூச்சை இழுத்துப் பிடிச்சிக்குவேன்."

மூச்சைப் பிடித்தால் முட்டி எப்படி விலகும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூலை 5

அப்பா பரணிலிருந்து ஒரு புத்தகத்தை இறக்கினார். ஆலை மருத்துவமனையில் மழை ஒழுகி நனைந்துவிட்டது என்று எப்போதோ தூக்கிப் போட்டதாம். பக்கத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஜவ்வரிசியைக் கொட்டியது போலப் புள்ளிகள்.

"எடை, கால் எல்லாம் அப்புறம். இதுலதான் பாதிப் பேர் கவுந்துடுவான்" என்றார்.

முதல் பக்கத்தில் பன்னிரண்டு. பளிச்சென்று தெரிந்தது.

"அது சும்மா மாதிரிக்குப் போட்டது. அத வச்சி ஏமாந்துடாத. அடுத்தது சொல்லு."

"மூணு."

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "எனக்கும் மூணுதான் தெரியும். ஆனா எட்டுன்னு சொல்லணும்."

அதற்கடுத்த பக்கத்தில் எழுபது. அதை இருபத்தொன்பது என்று சொல்ல வேண்டுமாம். பின்னால் போகப் போகச் சில வட்டங்களில் ஒன்றுமே தெரியவில்லை. அதற்கும் எண் உண்டு. ஒரு பக்கத்தில் ஐந்து நன்றாகத் தெரிந்தது. அங்கே மட்டும் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டும்.

"ஏன்ப்பா இப்படி வச்சிருக்காங்க?"

"புகைக்குள்ள போனா கண்ணு பொய்தான் சொல்லும். கதவு இருக்கிற இடத்துல சுவரு தெரியும். கண்ணு சொல்றத நம்புறவன் இந்த வேலைக்கு லாயக்கில்ல. சொல்லிக் கொடுத்தது நெஞ்சுல நிக்குதான்னு பாக்குறாங்க. நான் வேலைக்குச் சேரும்போது பழைய டிரைவர் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு. ஒவ்வொரு வருசமும் டாக்டர் பக்கம் புரட்டுவாரு, நான் கடகடன்னு ஒப்பிச்சிடுவேன். நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டாரு."

எனக்கு இந்தப் பரீட்சை பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பார்த்ததைச் சொல் என்பார்கள். சொன்னால் திட்டுவார்கள். பத்தாவதோடு நான் நின்றதற்கு என்ன காரணம் என்று யார் கேட்டாலும் அம்மா, "அதுக்குக் கூச்சம்" என்று சொல்லிவிடுவாள். நிலப்படத்தில் காட்டையெல்லாம் நான் செங்கல் நிறத்தில் தீட்டியதும், டீச்சர் அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டியதும் அம்மாவுக்குத் தெரியாது.

ஜூலை 8

துணி துவைத்தேன். அப்பாவின் காக்கி இரண்டு ஜோடி. துவைத்துக்கொண்டே ஒப்பித்தேன். எட்டு, இருபத்தொன்பது, ஐந்து, மூன்று, பதினைந்து, எழுபத்திநான்கு.

ஜூலை 9

தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டுக்கொண்டேன். காதையும் பார்ப்பார்களாம். நாள் முழுக்க மண்டைக்குள் குளம் தளும்புவது போலவே இருந்தது.

ஜூலை 13

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

கரும்புச் சக்கையை மலைபோல் குவித்திருக்கும் களத்தில் எங்களுக்கு ஒத்திகை வைத்தார்கள். வெயில் காலத்தில் அந்தச் சக்கை தானாகவே புகைந்து பற்றிக்கொள்ளும். தவமணி அக்கா குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். கையால் இழுத்துக்கொண்டு போகிற சின்னப் பம்பின் பக்கம் நான் நின்றேன். அதில் இரண்டு கைப்பிடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

"பச்சைய மெதுவாத் திற. சிவப்பு பக்கம் போகாத, அது முழு வேகம்" என்று ராயப்பன் சார் கத்தினார்.

இரண்டு கைப்பிடிகளும் ஒன்றுபோலவே இருந்தன. அழுக்குப் படிந்திருந்தது. அப்பாவின் பெரிய வண்டியில் என்றால் எனக்குக் குழப்பமே இல்லை. அதில் ஒரு கைப்பிடியில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கும், தொட்டாலே தெரியும். இதில் டியூப் இல்லை. "திறடி!" என்றாள் தவமணி அக்கா. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒன்றைப் பிடித்துத் திருப்பினேன்.

குழாய் பாம்பு சீறுவதுபோல் எகிறியது. அதன் பித்தளை முனை தவமணி அக்காவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், திரும்பி வந்து அவள் மணிக்கட்டிலேயே அடித்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ராயப்பன் சார் என்னைத் திட்டவில்லை. "பயம். போகப் போகச் சரியாயிடும்" என்றார். தவமணி அக்கா வீங்கின கையைத் தூக்கிக்கொண்டு, "வேலைக்கு ரெண்டு இடம் இருக்குடி. என்னைக் கொன்னாத்தான் உனக்குன்னு யார் சொன்னது?" என்று கேட்டாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை வந்தது.

பயம்தான். முன்பு வேலை பார்த்த தையல் கம்பெனியிலும் இப்படி ஒரு காரணம் சொல்லித்தான் அனுப்பினார்கள், நூலை மாற்றி மாற்றிக் கோத்துவிடுகிறேன் என்று. கவனம் போதாது என்றார்கள். கவனமாகத்தான் பார்க்கிறேன். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் போதவில்லை.

ஜூலை 14

எடை கூடியிருக்கிறது. சந்தோஷம் வரவில்லை.

ஜூலை 17

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு உருவிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள். போகிறபோது குனிந்து பார்த்தாள்.

"அதுலதான் எழுபத்திநாலுன்னு போட்டிருக்கே. அதை எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?"

அப்பா சிரித்தார். "பாத்தியா, நாம கத்துறதக் கேட்டுக் கேட்டு உங்கம்மாவுக்கும் மனப்பாடம் ஆயிடுச்சி."

"எனக்கெதுக்கு மனப்பாடம்? எழுதியிருக்கு, படிச்சேன். ரெண்டாவது வரைக்கும் நானும் போயிருக்கேன்."

அப்பா பத்துப் பக்கம் தள்ளிப் புரட்டினார். எங்களுக்கு ஒன்றுமே தெரியாத வட்டம் அது.

"இது?"

"பதினாறு."

இன்னொன்று.

"எழுபத்திமூணு. என்னங்க, பாக்குறீங்க? கீரை வாடுது."

அப்பா புரட்டிக்கொண்டே போனார். அம்மா நின்றுகொண்டே சொல்லிக்கொண்டு போனாள். ஐந்து தெரிகிற அந்தப் பக்கம் வந்ததும், "இதுல ஒண்ணுமில்ல" என்றாள்.

அப்பா புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, "நான் என்னாடி தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டாள்.

ஜூலை 18

வீட்டில் மூன்று பேர். இரண்டு பேருக்கு எழுபது தெரிகிறது. ஒருத்திக்கு இருபத்தொன்பது. அப்படியென்றால் அம்மாவின் கண்ணில்தானே கோளாறு இருக்க வேண்டும்?

ஜூலை 19

புத்தகத்தைப் பையில் மறைத்துத் தவமணி அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். மணிக்கட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் கட்டியிருந்தாள்.

"இத மனப்பாடம் பண்ணணுமாம்க்கா" என்றேன்.

இடது கையால் புரட்டினாள். "இருபத்தொம்பது. அஞ்சு. மூணு. இன்னாடி இது, பாலர் பள்ளிக்கூடத்துப் புஸ்தகமா? இதுல மனப்பாடம் பண்ண இன்னா கீது?"

"தெரியுதா உனக்கு?"

"தெரியாம? தக்காளி மாதிரி சிவப்பா எழுதிக் கீது. சுத்தி முழுக்கப் பச்சை. ஏன், உனக்கு..."

நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

கிளம்பும்போது, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்டி" என்றாள். எதைச் சொல்ல மாட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 20

காட்டைச் செங்கல் நிறம் என்றேன். டீச்சர் சிரித்தார். நூல். கைப்பிடி. கனகாம்பரம் பூத்திருக்கிறது பார் என்று அம்மா காட்டினால் நான் கிட்டே போய்த்தான் கண்டுபிடிப்பேன். கவனம் போதாமல் இல்லை போலிருக்கிறது. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா? இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது. ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டேன்.

ஜூலை 23

அப்பா அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார். அம்மா எடுத்துக் கொடுக்கிற சட்டையைப் போட்டுக்கொள்கிறார். முன்பும் அம்மாதான் எடுத்துக் கொடுப்பாள். முன்பு அதை நான் கவனித்ததில்லை.

ஜூலை 25

வண்டியைக் கழுவ அப்பாவுக்கு உதவப் போனேன். நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். சைக்கிள் டியூப் சுற்றிய கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"இத எதுக்குப்பா சுத்தின?"

"கை வழுக்காம இருக்க."

"அப்போ மத்ததுல ஏன் சுத்தல?"

சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் அதே சக்கரத்துக்கு அடித்தார்.

"இத்தன வருசத்துல ஒரு தப்பு நடந்ததில்ல" என்றார். "சிக்னல்ல மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். அதுல என்னா இருக்கு? எல்லாத்துக்கும் ஒரு அடையாளம் வச்சிக்கிட்டாப் போதும். நீயும் வச்சிக்கோ. டாக்டர் புரட்டுவாரு, நீ வரிசையாச் சொல்லு, அவ்வளவுதான்."

"அந்தச் சின்னப் பம்புல அடையாளம் இல்லையேப்பா."

"சுத்திக்கலாம்."

"நிறத்த வச்சி அடையாளம் பாக்குற சிலிண்டருங்க? வேற பிரிவுல இருந்து வர்ற பம்பு?"

அப்பா குழாயை நிறுத்தினார். "உனக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?"

வேணும். எனக்கு இதைத் தவிர எதுவும் வேண்டாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. ஓடி முடித்ததும் எனக்கு என்னையே பிடிக்கிறது. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்போ சொல்லிக் கொடுத்ததச் சொல்லு. எனக்கும் அதான் நல்லது" என்றார்.

அவருக்கு அதில் என்ன நல்லது என்று எனக்குப் புரியவில்லை.

ஜூலை 27

நாளை பரிசோதனை. அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். எட்டு, இருபத்தொன்பது, ஐந்து, மூன்று. ஒன்றுகூட மறக்கவில்லை. மறந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

ஜூலை 28

வேலை இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு என்ன என்று திங்கட்கிழமைக்கு மேல் சொல்வார்களாம்.

காலையில் எடை சரியாக இருந்தது. பாதத்தைப் பார்த்தார்கள், முட்டியைப் பார்த்தார்கள். காதுக்குப் பின்னால் நின்று டாக்டர் மெல்லப் பேசினார், எல்லாம் கேட்டது. சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தேன். மேஜையின் மேல் அந்தப் புத்தகம் இருந்தது. நனையாதது, புதுசு. டாக்டர் அதை எடுத்து ஓரமாக நகர்த்தினார்.

"இது ஆம்பளைங்களுக்கும்மா. பொண்ணுங்களுக்கு இந்த நிறம் தெரியாத கோளாறு வராது." தாளில் ஒரு டிக் போட்டார். "அவ்வளவுதான். தகுதி. போய் அடுத்தவங்களை வரச் சொல்லு."

வெளியே வந்தேன். தவமணி அக்கா உள்ளே போய், மூச்சைப் பிடித்து நின்று, தகுதி வாங்கிக்கொண்டு வந்தாள். முட்டியைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். என்னைக் கட்டிப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் "ஆ" என்று மணிக்கட்டை உதறிக்கொண்டாள். இன்னும் அவளுக்கு அது முழுதாகச் சரியாகவில்லை.

அப்பா காக்கியோடு வராந்தாவில் நின்றிருந்தார்.

"எல்லாம் வரிசையாச் சொன்னியா?"

"புத்தகத்தைத் திறக்கவே இல்லப்பா. பொண்ணுங்களுக்கு வராதாம்."

அப்பா கண்ணை மூடித் திறந்தார். இத்தனை நாளும் அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. "நல்லதாப் போச்சு. வா, டீ குடிக்கலாம்."

நான் நகரவில்லை. நகராமல் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. கால் போகவில்லை, அவ்வளவுதான்.

"என்னாம்மா?"

"நான் போய்ச் சொல்லட்டுமாப்பா?"

"உன்னை யாரு கேட்டா?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "ஊரே பேசு பேசுன்னும், வாயத் திறக்க மாட்ட. இன்னைக்கு ஒரு நாளுதான் உனக்குப் பேசத் தோணுதா?"

தவமணி அக்கா எங்களைப் பார்க்காததுபோல் சுவரில் ஒட்டியிருந்த காசநோய் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நாளைக்குக் குழாயின் முனையில் நிற்கப் போகிறவள் அவள். பம்பின் பக்கம் நிற்கப் போகிறவள் நான்.

உள்ளே போனேன்.

"டாக்டர், அந்தப் புத்தகத்தையும் எனக்குக் காட்டுங்க."

"அதான் வேணாம்னேனே."

"காட்டுங்க சார்."

எரிச்சலோடு திறந்தார். வரிசை முழுக்க என் நாக்கின் நுனியில் நின்றது. நான் தெரிந்ததைச் சொன்னேன். மூன்று. எழுபது. இரண்டு. அவர் பேனாவைக் கீழே வைத்தார். நடுவில் திறந்தார். ஒன்றுமில்லை என்றேன். அடுத்ததிலும் ஒன்றுமில்லை. அதற்கும் அடுத்து ஒரு பக்கம். "இதுல அஞ்சு இருக்கு சார்."

"வேலைக்குப் போக இஷ்டமில்லையா உனக்கு? இப்படிச் சொல்லுன்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். வேறுமாதிரி சொல்லத்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"இங்க பாரும்மா. பொண்ணுங்களுக்கு இது வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். வரணும்னா அம்மா வழியில இருக்கணும், அதோட அப்பாவுக்கும் கண்டிப்பா இருந்தாகணும். உங்கப்பா..." தாளைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். "ஏழுமலையா? நம்ம வண்டி ஏழுமலை?"

'எனக்கும் அதான் நல்லது.' வண்டியைக் கழுவும்போது அப்பா சொன்னது அப்போதுதான் புரிந்தது. இல்லை சார், எனக்கு எல்லாம் தெரிகிறது, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை. வேண்டாத நேரத்தில் திறந்தது, வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது.

டாக்டர் என் தலைக்கு மேல் பார்த்தார். திரும்பினேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"போன மாசம்தானே பார்த்தேன்?" என்றார் டாக்டர். அப்பாவைக் கேட்டது போலவும் இல்லை, என்னைக் கேட்டது போலவும் இல்லை. "எல்லாம் சரியாச் சொன்னியே. ஒவ்வொரு வருசமும் நான்தானே கையெழுத்துப் போடுறேன்?"

டாக்டர் எழுந்து கதவுவரை போய், வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்:

"ஏழுமலை, பொண்ணைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. நான் உன்னை ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல."

அப்பா என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். டாக்டரைத் தாண்டி உள்ளே வந்து, நான் உட்கார்ந்திருந்த முக்காலியில் உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கேளுங்க சார். முதல்லேருந்து வேணாம். நடுவுல எங்கயாவது திறந்து கேளுங்க."